பாறை மடிப்பும் மலைநாட்டின் வரலாறும்

நல்லாசிரியனுக்கு உவமை கூறப் புகுந்த நன்னூலார் நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினை எடுத்துக்காட்டினார். அவற்றுள் மலையை அவர் தேர்ந்தமைக்கு அதன் அளப்பரிய தன்மையும் அசையாத நிலையும் காரணங்களாயின. அசையாமைக்கு மலையினும் சிறந்த உவமை தமிழில் இல்லை. இக்காலப் புவிச்சரிதவியலாரோ அம்மலையை அளந்தும் விட்டனர். அது முன்னொருகால் அசைந்ததையும் கண்டுவிட்டனர். அசைந்தது மட்டுமன்று, வளைந்தும், மடிந்தும், குழைத்த மாவென ஒழுகியும் இருக்கின்றது என்பது அவர்தம் முடிபு.

கண்டி வீதியிலோ பதுளைப் புகையிரதப் பாதையிலோ செல்வோர் வெட்டப்பட்ட பாறைச் சுவர்களை ஊன்றி நோக்குவாராயின், வெளிறியனவும் கரியனவுமான வரிகள் அவற்றில் அலைபோல வளைந்து கிடத்தலைக் காண்பர். சிலவிடங்களில் அவ்வரிகள் ஊசிக்கொண்டை போலத் திரும்பித் தம்மேலேயே படிந்து கிடக்கும். சம்மட்டியால் அடித்தால் நெருப்புப் பறக்கும் கருங்கல் இவ்வாறு வளைந்தது எங்ஙனம்? உடையாது வளைந்தது ஏன்? வளைத்த விசை யாது? இவ்வினாக்களுக்கு அறிஞர் கண்ட விடைகளை, விழா மலரினை விரும்பிப் படிக்கும் பழைய மாணவர்க்கும் இன்று பயிலும் மாணவர்க்கும் விளங்குமாறு ஈண்டு எடுத்துக் கூற முற்படுகின்றோம்.

விகாரம் என்னும் சொல்

நம் நாட்டு விஞ்ஞானப் பாடநூல்களில் தகைப்பு, விகாரம் என இரு கலைச்சொற்கள் வழங்குகின்றன. ஒரு பொருளின் ஓரலகுப் பரப்பின்மீது தாக்கும் விசை தகைப்பு எனப்படும். அத்தகைப்பினால் அப்பொருளின் வடிவிலோ பருமனிலோ உண்டாகும் மாறுபாடு விகாரம் எனப்படும். முன்னையது காரணம், பின்னையது காரியம்.

விகாரம் என்னும் சொல்லைத் தமிழ் மாணவர் இலக்கண வகுப்பிலேயே அறிந்துள்ளனர். இரு சொற்கள் புணருங்கால் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகை விகாரம் நிகழும். பூ என்பதும் கொடி என்பதும் புணர்ந்து பூங்கொடி எனவாம்போது ஓரெழுத்துத் தோன்றுகின்றது. பொன் என்பதும் குடம் என்பதும் பொற்குடம் எனவாம்போது ஓரெழுத்துத் திரிகின்றது. மரம் என்பதும் வேர் என்பதும் மரவேர் எனவாம்போது ஓரெழுத்துக் கெடுகின்றது. விதியறிந்த மாணவன் பொற்குடம் என்னும் சொல்லைக் கண்ட அளவிலே அதனைப் பிரித்து, நிலைமொழி இது, வருமொழி இது, நிகழ்ந்த விகாரம் இது எனக் கூறிவிடுவான். புணர்ந்தபோது அவன் உடனிருந்தானல்லன். எனினும் முடிந்த சொல்லே அவனுக்குச் சான்றாகின்றது.

புவிச்சரிதவியலாரின் தொழிலும் இத்தகையதே. மலை தோன்றியபோது உடனிருந்து கண்டார் எவருமிலர். முடிந்த பாறையே சான்று. அதன் மடிப்பை அளந்து, அதிலுள்ள கனிப்பொருள்களை ஆராய்ந்து, மடிவதற்கு முன் அது யாதாயிருந்தது, எத்திசையிலிருந்து நெருக்கப்பட்டது, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு வெப்பத்தில் கிடந்தது என அவர் பின்னோக்கிப் படிக்கின்றனர். விதிகளை அறியாதார்க்கு வெறுங் கல்லாகத் தோன்றுவது, அறிந்தார்க்கு வரலாற்று நூலாகின்றது.

கிடையாகப் படிந்தது என்னும் முதல் விதி

இவ்வாராய்ச்சிக்கு அடிப்படையான விதியை 1669ஆம் ஆண்டில் வெளியிட்டவர் டென்மார்க்கிற் பிறந்து இத்தாலியில் வாழ்ந்த நிக்கலாஸ் ஸ்தேனோ என்பார். நீரடியிற் படியும் மணலும் சேறும் முதலிற் கிடையான படைகளாகவே படியும் என்பது அவ்விதி. யாழ்ப்பாணத்திற் கிணறு வெட்டுவோர் சுண்ணக்கற் படைகள் ஒன்றன்மேலொன்றாய் ஏறக்குறையக் கிடையாகக் கிடத்தலைக் காண்பர். அச்சுண்ணக்கல் புவியின் வயதை நோக்க மிக இளையது. மலையாக்கும் நெருக்குதலுக்கு அஃது ஆளானதில்லை. ஆதலின் படிந்தவாறே கிடக்கின்றது. அத்தகைய படைகள் சரிந்தோ வளைந்தோ நிமிர்ந்தோ காணப்படுமாயின், படிந்தபின் ஏதோ ஒன்று அவற்றுக்கு நேர்ந்திருத்தல் வேண்டும்.

ஸ்கொத்லாந்தின் கிழக்குக் கரையில் அவ்வாறு நிமிர்ந்தும் வளைந்தும் கிடந்த படைகளை 1788ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹட்டன் என்னும் பேரறிஞர் கண்டு ஆராய்ந்தார். அவருடன் படகிற் சென்ற நண்பருள் ஒருவர் ஜேம்ஸ் ஹோல் என்பார். படைகள் பக்கவாட்டில் நெருக்கப்பட்டமையினாலேயே வளைந்தன என்பதைப் பின்னர் ஓர் எளிய பரிசோதனையால் ஹோல் விளக்கினார். துணிகள் பலவற்றை மேசைமீது அடுக்கடுக்காக விரித்தார். அவற்றின்மேல், பிணைச்சலிலிருந்து கழற்றிய கதவொன்றை வைத்துப் பாரம் ஏற்றினார். பின்னர் அடுக்கின் இரு முனைகளிலும் பலகைகளை நிறுத்திக் கொட்டாப்புளியால் உள்நோக்கி அடித்தார். துணிகள் மேலும் கீழுமாக வளைந்து, கடற்கரைப் பாறையிற் கண்ட மடிப்பின் வடிவத்தையே காட்டின. 1815ஆம் ஆண்டில் இப்பரிசோதனை அச்சில் வெளிவந்தது. மாணவர் இதனை இன்றும் வீட்டிலிருந்தே செய்து பார்க்கலாம்.

கல் துணியாகுமா?

துணி மடிவது வியப்பன்று. கல் எங்ஙனம் மடியும் எனச் சிலர் வினவலாம். இது தக்க வினாவே. நிலத்தின்மேற் கிடக்கும் கல்லை அமுக்கினால் அது நொறுங்குமேயன்றி வளையாது. இதற்குக் கனடா நாட்டு மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிராங்க் டோசன் அடம்ஸ், நிக்கல்சன் என்னும் இருவர் 1901ஆம் ஆண்டில் விடை வெளியிட்டனர்.

இத்தாலியின் கராரா என்னும் இடத்துச் சலவைக்கல்லைச் சிறு உருளைகளாகக் கடைந்து, தடித்த இரும்புக் குழாயினுள் இடைவெளி சிறிதுமின்றி அவர்கள் பொருத்தினர். பின்னர் இருபுறமும் உருக்குத் தண்டுகளைச் செலுத்தி மெல்ல மெல்ல அமுக்கினர். சில உருளைகளைச் சாதாரண வெப்பநிலையிலும், சிலவற்றை 300 பாகைக்கும் 400 பாகைக்கும் சூடாக்கியும் அமுக்கினர். குழாய் நடுவே பருத்தது. இரும்பை அறுத்து நீக்கிப் பார்த்தபோது உள்ளிருந்த சலவைக்கல் தூளாகிக் கிடக்கவில்லை. பீப்பா வடிவாய்ப் பருத்து, ஒரே திண்மமாக நின்றது. உருப்பெருக்குக் கண்ணாடியில் நோக்கியபோது அதன் மணிகள் தட்டையாகி ஒருபுறமாக நீண்டிருந்தன. கல் உடையாமலே ஒழுகியிருந்தது.

இதனாற் பெறப்படும் உண்மை யாது? கல் உடைவதும் வளைவதும் அதன் இயல்பை மட்டும் பொறுத்தனவல்ல. அது கிடக்கும் நிலையையும் பொறுத்தன. நாற்புறமும் இறுகச் சூழ்ந்து நெருக்கும் அமுக்கம், வெப்பம், காலம் என்னும் மூன்றும் கூடினால் வன்மை குழைவாக மாறும். புவியின் உட்செல்லுந்தோறும் இம்மூன்றும் கிடைக்கின்றன. 30 கிலோமீற்றர் ஆழத்தில் மேலுள்ள பாறையின் பாரம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறக்குறைய 8,000 மடங்காகும். வெப்பமும் ஆழத்தோடு ஏறும். குவாட்சு எனப்படும் படிகம் ஏறக்குறைய 300 பாகை செல்சியசிலும், களிக்கல் எனப்படும் பெல்சுபார் ஏறக்குறைய 450 பாகையிலும் குழையத் தொடங்கும்.

உருகாமலே கல் ஒழுகுவது எவ்வாறெனின், அதற்குப் படிகங்களின் உள்ளமைப்பு இடந்தருகின்றது. ஒரு படிகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. அவ்வரிசைகளில் ஆங்காங்கே ஒழுங்குப் பிழைகள் உள. பெரிய சமுக்காளமொன்றை மண்டபத்தில் ஒரு சாணளவு நகர்த்த வேண்டுமெனின், அதனை முழுதாகப் பற்றி இழுத்தல் அரிது. ஒரு விளிம்பிலே சிறு சுருக்கத்தை உண்டாக்கி, அச்சுருக்கத்தை மறுவிளிம்புவரை தள்ளிச் செல்லின் சமுக்காளம் எளிதில் நகர்ந்துவிடும். படிகத்தினுள்ளும் ஒழுங்குப் பிழை ஒவ்வொரு வரிசையாகக் கடந்து செல்ல, ஒரு தளம் மற்றத் தளத்தின்மேல் வழுக்குகின்றது. இவ்வாறு கோடானுகோடி வழுக்கல்கள் சேர்ந்து ஒரு மலையையே வளைத்துவிடுகின்றன.

இனிக் காலத்தின் அளவைச் சிந்திப்போம். மலையாக்கம் நிகழும் பகுதிகளுக்குப் பொதுவாக மதிப்பிடப்படும் வேகத்தில், ஒரு மீற்றர் நீளமான பாறை ஓராண்டிற் குறுகுவது ஒரு மில்லிமீற்றரின் மூவாயிரத்தில் ஒரு பங்கேயாம். ஒரு தாளின் தடிப்பளவு அது குறுகுதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேற் செல்லும். எனினும் பத்து இலட்சம் ஆண்டுகளில் அவ்வொரு மீற்றர்ப் பாறை 30 சென்ரிமீற்றர் குறுகிவிடும். நம் வாழ்நாளை அளவுகோலாகக் கொண்டு நோக்கின் மலை அசையாதது. கோடிக்கணக்கான ஆண்டுகளை அளவுகோலாகக் கொண்டு நோக்கின் அது மெழுகு.

மடிப்பின் வகைகள்

மேல்நோக்கி வில்போல வளைந்தது மேன்மடிப்பு. கீழ்நோக்கித் தொட்டில்போல வளைந்தது கீழ்மடிப்பு. நெருக்குதல் மிதமாயின் மடிப்பு நிமிர்ந்து நிற்கும். மிகுமாயின் ஒருபுறமாகச் சாயும். மேலும் மிகுமாயின் முழுதும் சாய்ந்து கிடைமடிப்பு ஆகும். அந்நிலையில் மடிப்பின் ஒரு பாதியிற் பழைய படை மேலும் புதிய படை கீழுமாக முறை மாறிக் கிடக்கும். மேலுள்ளது எப்போதும் இளையது என நம்பிச் செல்வோன் ஈண்டு ஏமாறுவான்.

பாறைப் படைகள் யாவும் ஒரே வன்மையுடையனவல்ல. வன்மையான படை தன் தடிப்பைப் பெரும்பாலும் இழவாது வளையும். மென்மையானது அதன் இடைவெளிகளில் ஒழுகி நிரம்பும். தடித்த வன்படை அகன்ற மடிப்பையும், மெல்லிய வன்படை நெருங்கிய சிறு மடிப்புகளையும் தரும். தடித்த கம்பளத்தையும் மெல்லிய சேலையையும் ஒருங்கே தள்ளிப் பார்த்தால் இவ்வேற்றுமை புலனாகும். நெருக்குதலுக்குப் பதிலாக இழுப்பு நேரின் வன்படை ஆங்காங்கே மெலிந்து, வரிசையாக வைத்த தலையணைகள்போலத் துண்டுபடும். அவற்றிடையே மென்படை புகுந்துவிடும். மலைநாட்டுப் பாறைவெட்டுகளில் இத்தலையணை வடிவங்கள் பலவிடத்தும் உள.

ஒருமுறை மடிந்த பாறை மீண்டும் வேறொரு திசையில் மடிதலும் உண்டு. ஒரு தாளை நீளவாட்டில் மடித்துப் பின்னர் அகலவாட்டிலும் மடித்து விரித்தால், மேடுகளும் குழிகளுமாகத் தோன்றும். இத்தகைய இரட்டை மடிப்புகளின் கணித இயல்பை விரிவாக ஆராய்ந்தவருள் ஜோன் ராம்சே என்பார் தலைசிறந்தவர். பாறைகளின் மடிப்பும் முறிவும் பற்றிய அவரது பெருநூல் 1967ஆம் ஆண்டில் வெளிவந்தது. இலங்கையின் புவிச்சரிதவியலைத் தொகுத்துக் கூறும் பி. ஜி. குறேயின் நூல் முதற்பதிப்பாக வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே.

இலங்கையின் மலைநாடு

இதுகாறும் கூறிய விதிகளை இனி நம் நாட்டிலே பொருத்திக் காண்பாம். சலவைக்கல்லை ஒழுகச் செய்த அடம்ஸ் அவர்களே பின்னாளில் இலங்கைக்கு வந்து, இத்தீவின் புவிச்சரிதவியல் பற்றி விரிவான கட்டுரையை 1929ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆய்வுகூடத்தில் ஒரு சிறு குழாயினுள் செய்து கண்டதை, இங்கே ஒரு நாட்டின் பரப்பளவில் இயற்கை செய்து வைத்திருந்தது. அவருக்கும் முன்னர், 1903ஆம் ஆண்டு முதல் 1906ஆம் ஆண்டு வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதல் இயக்குநராயிருந்து மலைநாட்டுப் பாறைகளை ஆராய்ந்தவர் சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகிய ஆனந்தக் குமாரசுவாமி. கலைத்துறையில் உலகப் புகழ்பெற்ற அவ்வறிஞர் முதலிற் கற்றதும் கலாநிதிப் பட்டம் பெற்றதும் கல்லைப் பற்றியே என்பதை இன்றைய மாணவருட் பலர் அறியார்.

இத்தீவின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. யாழ்ப்பாணக் குடாநாடும் வடமேற்குக் கரையோரமும் இளைய சுண்ணக்கல்லால் ஆனவை. பழம்பாறைகளை அறிஞர் நான்கு தொகுதிகளாக வகுப்பர். திருகோணமலைப் பகுதியிலிருந்து நடுமலைநாட்டினூடாகத் தென்மேற்குக் கரைவரை செல்வது உயர்நிலத் தொகுதி. அதன் மேற்கேயுள்ளது வன்னித் தொகுதி. கிழக்கேயுள்ளது விசயன் தொகுதி. கண்டியைச் சூழ்ந்து கிடப்பது கடுகண்ணாவைத் தொகுதி.

உயர்நிலத் தொகுதியில் சலவைக்கல்லும், குவாட்சைற்று என்னும் வெண்படிகப் பாறையும், காணற்று என்னும் செந்நிற மணிகள் பதிந்த நைசுப் பாறையும், சார்ணொக்கைற்று என்னும் கரும்பச்சைப் பாறையும் மாறிமாறிக் கிடக்கின்றன. சார்ணொக்கைற்று என்னும் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. கல்கத்தாவில் அடக்கஞ் செய்யப்பட்ட யோப் சார்ணொக் என்பாரின் கல்லறைக் கல் இவ்வினத்தது. சென்னைக்கு அருகேயுள்ள பரங்கிமலைப் பாறையும் இதுவே. 1893ஆம் ஆண்டில் ஹொலன்ட் என்னும் ஆய்வாளர் அக்கல்லறைக்குரியவரின் பெயரையே பாறைக்குச் சூட்டினார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே இனப்பாறை கிடத்தல் இரு நிலங்களும் முன்னர் ஒரு நெருக்குதலின்கீழ் இருந்தமைக்குச் சான்றுகளுள் ஒன்று.

இப்பாறைகள் முன்னர் யாவையாயிருந்தன? இங்கேதான் பிரித்தெழுதும் கலை பயன்படுகின்றது. சலவைக்கல்லின் நிலைமொழி சுண்ணக்கல். குவாட்சைற்றின் நிலைமொழி மணற்கல். காணற்று நைசின் நிலைமொழி களிமண். அஃதாவது மலைநாட்டின் ஒரு பெரும்பகுதி முன்னொருகாலத்திற் கடலடியிற் படிந்த சேறும் மணலுமே. இலக்கணத்திற் போலவே இங்கும் மூவகை விகாரமும் நிகழ்ந்தன. களிமண்ணிலே கலந்திருந்த நீர் வெப்பத்தால் வெளியேறிக் கெட்டது. களிமண் கனிப்பொருள்கள் வேறு கனிப்பொருள்களாகத் திரிந்தன. முன்னில்லாத காணற்று புதிதாகத் தோன்றியது. சேற்றிற் கலந்து மக்கிய உயிர்ப்பொருளின் கரியும் நைசினுள்ளே மினுங்கும் காரீயத் துகளாயிற்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நைசிற் காணும் வரிகள் யாவும் பழைய படைகளல்ல. கடும் நெருக்குதலின்போது கனிப்பொருள்கள் புதிதாக வரிசைப்பட்டு உண்டாக்கிய வரிகளும் உள. சலவைக்கல், குவாட்சைற்று ஆகியவற்றின் பட்டைகளைத் துணையாகக் கொண்டே பழைய படை எது, புதிய வரி எது எனப் பகுத்தறிதல் வேண்டும்.

ஆழமும் காலமும்

ஒரு குறித்த கனிப்பொருட் கூட்டம் குறித்த அமுக்கத்திலும் வெப்பத்திலுமே உண்டாகும். இவ்விதியைக் கொண்டு கணக்கிட்டபோது உயர்நிலத் தொகுதிப் பாறைகள் 700 பாகை முதல் 900 பாகை செல்சியசு வரை வெந்தன என்றும், சில இடங்களில் அதனினும் மிக்க வெப்பம் இருந்தது என்றும், ஆழம் பொதுவாக 20 முதல் 35 கிலோமீற்றர் வரை என்றும் தெரிய வந்தது. காலத்தை அறிய உதவுவது சிர்க்கன் என்னும் சிறு மணி. அதிலுள்ள யுரேனியம் மாறா வேகத்தில் ஈயமாக மாறுவதால், இரண்டினதும் விகிதம் ஒரு கடிகாரமாகின்றது. அக்கடிகாரத்தின்படி, படிவுகளாகச் சேர்ந்த மணிகளுட் சில 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதின. அவை புதைந்து வெந்து மடிந்தது இற்றைக்கு 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்.

அக்காலத்தில் இலங்கை, தென்னிந்தியா, மடகசுகார், கிழக்கு அந்தாட்டிக்கா ஆகியன அயலயலே கிடந்தன. பெரும் நிலத்துண்டுகள் ஒன்றையொன்று நெருங்கி மோதி, கொண்டுவானா என்னும் பெருங்கண்டமாக இணைந்தன. இரு சொற்கள் புணரும்போது எல்லையெழுத்துகள் விகாரப்படுவது போல, இரு நிலங்கள் புணரும்போது எல்லைப் பாறைகள் விகாரப்படுகின்றன. இலங்கை அத்தகைய எல்லையிலே கிடந்தது.

அப்போது இங்கே எவ்வளவு தடித்த புவியோடு இருந்தது எனவும் கணக்கிடலாம். ஏறக்குறைய 25 அல்லது 30 கிலோமீற்றர் ஆழத்திற் கிடந்த பாறை இன்று நிலமட்டத்தில் உள்ளது. அதன் கீழே இன்றும் 30 முதல் 40 கிலோமீற்றர் தடிப்பான புவியோடு இருக்கின்றது. இரண்டையுங் கூட்டின் 60 கிலோமீற்றரை அடுத்து வரும். சாதாரணக் கண்ட ஓட்டின் தடிப்பு 35 கிலோமீற்றரளவே. இன்று 60, 70 கிலோமீற்றர்த் தடிப்புக் காணப்படுவது இமயமும் தீபெத்தும் போன்ற இடங்களிலேயே. ஆகவே இலங்கையின் மீதும் ஒருகால் இமயத்தை நிகர்த்த மலைத்தொடர் நின்றது எனல் பொருந்தும்.

எனின், 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலையும் சிவனொளிபாத மலையும் அப்பெருமலையின் எஞ்சிய சிகரங்களோ? அல்ல, அவை அதன் வேர்கள். சிகரங்கள் மழையாலும் ஆற்றாலும் அரிப்புண்டு என்றோ கடலிற் கலந்துவிட்டன. பாரம் இறக்கப்பட்ட தோணி நீரில் மேலெழுவது போல, மேற்பாரம் குறையக் குறைய ஆழத்துப் பாறை மேலெழுந்தது. புவியோட்டின் பிற அசைவுகளும் அதற்குத் துணைநின்றன. இமயத்தின் ஆழத்தில் இன்று நிகழ்வதை எவரும் சென்று காணவியலாது. அத்தகைய ஆழத்தில் நிகழ்ந்ததை மலைநாட்டில் வீதியோரத்தில் நின்றே காணலாம். வெளிநாட்டு ஆய்வாளர் பலர் இத்தீவை நாடி வருதற்குக் காரணம் இதுவே.

கண்டியிலும் கதிர்காமத்திலும்

கண்டியை அடுத்துள்ள கடுகண்ணாவைத் தொகுதி இரட்டை மடிப்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்குள்ள பாறைகள் இரு முனையும் உயர்ந்து நடுவே தாழ்ந்த படகு வடிவக் கீழ்மடிப்புகளாகக் கிடக்கின்றன. வரைபடத்தில் அவை நீண்ட முட்டை வடிவ வளையங்களாகத் தோன்றுவதால் அரங்குகள் என்னும் பொருள்பட அழைக்கப்படுகின்றன.

கிழக்கெல்லையிலோ மடிப்போடு நில்லாது பாறை வழுக்கியும் சென்றுள்ளது. உயர்நிலத் தொகுதி ஒரு பெருந் தகடாக விசயன் தொகுதியின் மேலே தள்ளப்பட்டது. பின்னர் அத்தகட்டின் கிழக்குப் பகுதி அரிப்புண்டு போக, ஆங்காங்கே துண்டுகள் மட்டும் எஞ்சின. அவற்றுள் ஒன்று கதிர்காமத்தை அண்டியுள்ளது. நாற்புறமும் விசயன் தொகுதிப் பாறை சூழ, நடுவே உயர்நிலத் தொகுதிப் பாறை ஒரு தீவு போலக் கிடக்கின்றது. அங்கே மேலிருப்பதும் கீழிருப்பதும் ஒரே இடத்தில் உண்டானவையல்ல. கதிர்காம யாத்திரை சென்று மீளும் நம்மவர் ஆயிரமாயிரவர். தாம் மிதித்துச் சென்ற பாறை, தொலைவிலுள்ள மலைநாட்டுப் பாறையின் பிரிந்த உறவு என அறிவோர் அவருட் சிலரே.

அறியாமையால் வருங் கேடு

இவ்வறிவு வெறும் வியப்புக்கு மட்டும் உரியதன்று. உருமாறிய சுண்ணக்கல் நீரிற் கரையும் இயல்பினது. மடிந்த பட்டையாக அது நிலத்தினுள்ளே எங்கே செல்கின்றது என்பதை மேலிருந்து எளிதிற் கூறமுடியாது. வளவை கங்கைக் கரையில் அமைந்த சமனலவெவ நீர்த்தேக்கத்தில் 1992ஆம் ஆண்டில் நீர் நிரப்பப்பட்டபோது, கரைந்து குகைபட்ட சுண்ணக்கற் பகுதியையுடைய வலக்கரை மலையினூடாக நீர் கசிந்து வெளிப்பட்டது. பெரும்பொருள் செலவிட்டும் கசிவு முற்றாக அடைபடவில்லை. கசியும் நீர் கல்தொட்டைப் பகுதி வயல்களுக்குப் பயன்படுவது ஓர் ஆறுதலேயாயினும், மலையின் உள்ளமைப்பு மனிதர் வகுத்த திட்டத்திற்குப் பணிந்து நடப்பதன்று என்பதை அது காட்டிற்று.

மண்சரிவு இதனினும் கொடிது. பாறைத்தளம் மலைச்சரிவின் திசையிலேயே சாய்ந்திருப்பின், மேலுள்ள மண்ணும் கல்லும் வழுக்குதற்கு ஏணை போட்டாற் போலாம். எதிர்த்திசையிற் சாய்ந்திருப்பின் படிக்கட்டுப் போலத் தாங்கும். ஒரு மடிப்பின் இருபுறத்திலும் உள்ள இரு தோட்டங்களுள் ஒன்று அஞ்சத்தக்கதாகவும் மற்றது அவ்வளவு அஞ்சத்தகாததாகவும் இருத்தல் இதனால் நேரலாம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன்கள் மண்ணிற் புதையுண்டமையை நாடு மறவாது. அத்தகைய அழிவுகளுக்குப் பாறைச்சாய்வு ஒன்றே காரணமென்று கூறுதல் தவறு. பெருமழை, தளர்ந்த மண், நீர் வடியாமை, நிலத்தைப் பயன்படுத்தும் முறை ஆகிய பலவும் ஒருங்கே நோக்கற்பாலன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களை ஆக்கும்போது பாறையின் இனத்தையும் அமைப்பையும் கணக்கிற் கொள்வது இதனாலேயே. அவ்வரைபடங்கள் வரையப்பட்டாற் போதாது. அவை கூறுவதை அம்மலைச்சரிவில் வாழும் மக்கள் தம் தாய்மொழியில் அறிந்திருத்தல் வேண்டும்.

மாணவர்க்கு ஒரு சொல்

மலைநாட்டுக்குச் சுற்றுலாச் செல்லும் மாணவர் ஒரு திசைகாட்டியும், பாகைமானியிற் கட்டிய நூற்குண்டும், ஒரு குறிப்புப் புத்தகமும் கொண்டு செல்வாராக. பாறைவெட்டு ஒன்றைக் கண்டவிடத்து, பாதுகாப்பான தூரத்தில் நின்று மூன்றினைக் குறிப்பாராக. வரிகள் எத்திசையில் ஓடுகின்றன? எத்திசையில், எத்தனை பாகை சாய்கின்றன? மலைச்சரிவும் அதே திசையிற் சாய்கின்றதா, எதிர்த்திசையிற் சாய்கின்றதா? பத்து இடங்களில் இவ்வாறு குறித்து வரைபடத்தில் இட்டுப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத மேன்மடிப்போ கீழ்மடிப்போ தாளிலே மெல்ல உருவாகும். பெரும் ஆய்வாளர் செய்வதும் அடிப்படையில் இதுவே.

பழைய மாணவருட் பொறியியலாளராகவும் நில அளவையாளராகவும் ஆசிரியராகவும் மலைநாட்டிற் பணிபுரிவோர் பலர். அவர் தாம் கண்ட பாறைகளைப் பற்றித் தமிழில் எழுதுவாராயின், அடுத்துவரும் மாணவர்க்கு அது பெருந்துணையாகும். தகைப்பு, விகாரம், மேன்மடிப்பு, கீழ்மடிப்பு என வேண்டிய சொற்கள் நம்மிடம் உள. அவற்றை வழங்குவோரே வேண்டும். வறட்சியிலும் வளந்தருவது மலை என்று நன்னூலார் கருதினார். அம்மலைமேல் வாழ்வோர்க்கு எவ்விடம் தாங்கும், எவ்விடம் வழுக்கும் என முன்னரே சொல்லக்கூடிய அறிவும் மலை தரும் வளங்களுள் ஒன்றேயாம்.